சுருக்கு வேற... ஷாக்கு வேற!

தமிழில் ஓவர்டைம் பார்க்கும் ஆங்கில வார்த்தைகளுக்கு ஒரு போட்டி வைத்தால் 'ஷாக்' நிச்சயம் முதல் மூன்று இடத்துக்குள் வந்துவிடும். இருபத்தைந்தாம் தேதி ஏ.டி.எம். காட்டுகிற பேலன்ஸ், ஷாக். இரண்டு நாள் தங்குவதாகச் சொல்லி வந்த மச்சினனின் பெட்டியில் குடை, ஸ்வெட்டர், தலையணை எல்லாம் இருந்தால் அதுவும் ஷாக். கூடப் படித்த கடைசி பெஞ்ச் பையன் சொந்தமாக ஃபேக்டரி வைத்திருக்கிறான் என்று கேள்விப்பட்டால் பெரிய ஷாக். (அவனுக்கு நாம் இன்னும் வாடகை வீட்டில்தான் இருக்கிறோம் என்பதில் எந்த ஷாக்கும் இருக்காது.)

இதெல்லாம் போகட்டும். கம்பளி ஸ்வெட்டரைக் கழற்றும்போது தலைமுடியில் 'படபட'வென்று பொரிகிறதே, அதையும் ஷாக் என்கிறோம். ஈரக்கையோடு கிரைண்டரைத் தொட்டவரைச் சுவரோரம் தூக்கி எறிகிறதே, அதையும் ஷாக் என்கிறோம். பூனைக்கும் புலிக்கும் ஒரே பெயர் வைத்துக் கூப்பிடுகிற மாதிரி. சாதாரண நாளில் இதனால் பெரிய நஷ்டமில்லை. வீட்டில் ஒரு கர்ப்பிணி இருக்கும்போது, பூனையைப் பார்த்து அலறிவிட்டுப் புலிக்குப் பால் வைக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். நமக்கே தெரிந்தவர்களாகவும் இருக்கிறார்கள்.

பி.காம்.மில் என்னோடு படித்த நண்பன் ஒருவன் வங்கி அதிகாரி. டில்லிக்கு மாற்றலாகிப் போனான். ஜனவரி மாதம். மனைவிக்கு ஆறாம் மாதம். ராத்திரி பதினொன்றுக்கு போன்.

"டேய், ஒரு விஷயம் சொல்றேன், பயந்துடாதே" என்றான். அவன் குரலிலேயே இரண்டு பேருக்குத் தேவையான பயம் இருந்தது.

விஷயம் இதுதான். மனைவி ஸ்வெட்டரோடு கட்டிலிலிருந்து இறங்கி வந்து ஸ்டீல் பீரோவின் கைப்பிடியைத் தொட்டிருக்கிறாள். 'டப்' என்று ஒரு சத்தம். இருட்டில் நீலமாக ஒரு பொறி. விரல் நுனியில் ஊசி குத்தினாற்போல ஒரு 'சுருக்'. "ஏங்க, பாப்பாவுக்கு ஏதாவது ஆயிடுமா?" என்று கேட்டிருக்கிறாள். நல்ல கணவனாக இவன் உடனே செல்போனில் தேடியிருக்கிறான். அங்கேதான் வினை. ஒரு மனித உடம்பில் இப்படி 25,000 வோல்ட் வரை ஏறும் என்று எங்கேயோ படித்துவிட்டான்.

"வீட்டுக் கரண்ட் 230 வோல்ட். அதுவே ஆளைக் கொல்லும். இது வகுத்துப் பார்த்தா நூறு மடங்குக்கு மேல வருதுடா!"

வகுத்தல் சரிதான். பி.காம்.காரன் வகுத்தலில் தப்பு பண்ண மாட்டான். ஆனால் அவன் வகுத்தது ரேட்டை. பார்க்க வேண்டியது பில்லை.

ஏலக்காய் கிலோ பத்தாயிரம் ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கேட்டதும் நெஞ்சு அடைக்கும். ஆனால் பாயசத்துக்கு நீங்கள் வாங்கப் போவது ஒரு கிராம். பில் பத்து ரூபாய். வோல்ட் என்பது அந்த ரேட் மாதிரி. ஆளைப் பாதிப்பது, அந்த ரேட்டில் எவ்வளவு சரக்கு உடம்புக்குள் போகிறது, எவ்வளவு நேரம் போகிறது, எந்த வழியாகப் போகிறது என்பதெல்லாம் சேர்ந்துதான்.

ஸ்வெட்டரும் போர்வையும் உரசி உடம்பில் ஏறுகிற நிலை மின்சாரத்தில் ரேட் மட்டும்தான் பெரிசு. நமக்கு 'சுருக்' என்று உறைப்பதற்கே சுமார் 3,000 வோல்ட் ஏற வேண்டும். அதற்குக் கீழே ஏறி இறங்கினால் நமக்குத் தெரிவதுகூட இல்லை. குளிர்ப் பிரதேசத்தில் கார்பெட் மேல் நாலு எட்டு நடந்தால் பத்தாயிரம் சாதாரணம். ஆனால் சரக்கு? மனித உடம்பு ஒரு சின்னக் கிண்ணம். பத்தாயிரம் வோல்ட்டில் அதில் பிடிக்கிற சக்தி மொத்தம் சுமார் 5 மில்லிஜூல். ஒரு கிராம் தங்கக் காசைத் தரையிலிருந்து அரை மீட்டர் உயரம் தூக்க எவ்வளவு தெம்பு வேண்டுமோ, அவ்வளவு. (வாங்குவதற்குத்தான் தெம்பு வேண்டும், தூக்குவதற்கு வேண்டாம்.) அதுவும் ஒரு வினாடியைப் பத்து லட்சம் கூறு போட்டால் அதில் ஒரு கூறுக்குள் பெரும்பாலும் தீர்ந்துபோகிறது. கிண்ணம் காலி. மறுபடி 'சுருக்' வேண்டுமானால் மறுபடி போய் உரசிக்கொண்டு வர வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. இந்த மின்சாரம் உடம்புக்குள் குடியேறுவதில்லை. மேல்தோலில்தான் திண்ணையில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருக்கும். மைக்கேல் ஃபாரடே 1836-ல் லண்டனில் ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு பெரிய பெட்டி கட்டி, வெளிப்பக்கம் முழுக்க உலோகத்தால் மூடி, பொறி பறக்கிற அளவுக்கு அதில் மின்சாரம் ஏற்றினார். ஏற்றிவிட்டு வெளியே நின்று வேடிக்கை பார்க்கவில்லை. கருவிகளோடு தானே உள்ளே போய் உட்கார்ந்தார். உள்ளே ஒரு சலனமும் இல்லை. மின்சாரம் கடத்துகிற பொருளில் நிலை மின்சாரம் வெளிப்புறத்தோடு நின்றுவிடும். மனித உடம்பும் மின்சாரம் கடத்துகிற பொருள்தான். அம்மாவின் வயிற்றுக்குள் இருப்பவர் ஃபாரடேயின் இடத்தில் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறார்.

இதற்கும் நண்பன் மசியவில்லை. "லண்டன்காரர் கதையெல்லாம் வேணாம், டாக்டருங்க என்ன சொல்றாங்க?" என்றான். சரி, டாக்டர்கள் செய்வதையே சொல்கிறேன். சில கர்ப்பிணிகளுக்கு இதயத் துடிப்பு தாறுமாறாகிவிடுவது உண்டு. மருந்துக்கு அடங்காவிட்டால், அல்லது நிலைமை அவசரமென்றால், டாக்டர்களே மார்பில் தகடு வைத்து மின்சாரம் கொடுத்துத் துடிப்பைச் சீராக்குகிறார்கள். கார்டியோவெர்ஷன் என்று பெயர். 50, 100, 200 ஜூல் என்று போகும். நூறு ஜூல் என்றாலே, பீரோ கொடுத்த 'சுருக்'கைப் போல 20,000 மடங்கு. கர்ப்பத்தின் எந்த மாதத்திலும் இதைச் செய்யலாம் என்பதுதான் இதய மருத்துவர்களின் வழிகாட்டு நெறி. கூடவே குழந்தையின் துடிப்பையும் கண்காணித்துக்கொள்வார்கள். அந்த மின்சாரம் போகும் வழி மார்போடு முடிந்துவிடுகிறது, கருப்பை அந்த ரூட்டில் இல்லை என்பது முக்கியம். இந்த ரூட் விஷயத்தைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

ஆக, பீரோ, கார் கதவு, ஆபீஸ் நாற்காலி, லிஃப்ட் பட்டன், சிந்தெடிக் புடவை இவை தருகிற 'சுருக்'கால் வயிற்றிலிருக்கும் குழந்தைக்கு ஆபத்து இல்லை. ஸ்கேன் எடுக்க ஓட வேண்டாம். திருஷ்டி கழிப்பது உங்கள் இஷ்டம்.

நம் சென்னைவாசிகளுக்கு இந்தப் பொறி அனுபவமே குறைவு. நம் காற்றில் இருக்கிற ஈரத்துக்கு, உடம்பில் ஏறுவது ஏறிய வேகத்திலேயே கசிந்து போய்விடும். வியர்வைக்கு இப்படி ஒரு நல்ல குணம் இருப்பது எனக்கே இதை எழுதும்போதுதான் உறைக்கிறது. டில்லிக் குளிரிலும், பெங்களூரில் பிப்ரவரி மாதத்திலும், எந்த ஊரானாலும் ஏ.சி. நாள் முழுக்க ஓடுகிற ஆபீஸிலும் காற்று வறண்டு கிடக்கும். அங்கேதான் இது விளையாட்டுக் காட்டும். 'சுருக்' தொந்தரவாக இருந்தால் வைத்தியம் சுலபம். கையில் தேங்காய் எண்ணெயோ கிரீமோ தடவிக்கொள்ளலாம். காட்டன் துணி கட்டலாம். இரும்புக் கைப்பிடியைத் தொடுவதற்கு முன் கையிலிருக்கும் சாவியால் அதைத் தொட்டால், பொறி சாவி நுனியிலிருந்து தாவிவிடும், விரலுக்கு வலிக்காது.

கவனிக்க வேண்டியது இரண்டே இடம். ஒன்று, திடுக்கிட்டுக் கையை இழுக்கும்போது தடுமாறி விழக்கூடாது. படிக்கட்டில் இருக்கும்போது, கையில் கொதிக்கிற பால் இருக்கும்போது, அந்த 'சுருக்' பொல்லாதது. இன்னொன்று பெட்ரோல் பங்க். பெட்ரோல் ஆவியைப் பற்றவைக்க ஒரு மில்லிஜூல்கூட வேண்டாம். இது கர்ப்பிணிக்கு மட்டுமல்ல, பின்னால் வரிசையில் நிற்கிற எல்லோருக்கும் பொதுவான ஆபத்து.

இவ்வளவும் போனிலேயே சொல்லி முடித்தபோது மணி பதினொன்றே முக்கால். நண்பன் பெருமூச்சு விட்டான். நானும் போனை வைக்கப் போனேன். அப்போதுதான் அவன், ஏதோ பாராட்டை எதிர்பார்க்கிற குரலில், போகிற போக்கில் சொன்னான்:

"நல்ல வேளைடா. இந்த கீசர் குழாய்ல வர்றதுக்குத்தான் ஏற்கெனவே அவளுக்கு ரப்பர் செருப்பு வாங்கிக் கொடுத்துட்டேன்."

"எந்தக் குழாய்?"

"பாத்ரூம் குழாய்தான். ஈரக்கையால தொட்டா லேசா 'ஜிவ்வு'ன்னு இருக்கும். நாங்க வந்த நாள்லேர்ந்தே இருக்கு. அது ஒண்ணும் பெரிசில்ல."

பூனைக்கு ராத்திரி பதினொன்றுக்கு எஸ்.டி.டி. போட்டவன், புலியைப் பாத்ரூமில் கட்டிவைத்து மனைவியை தினமும் இரண்டு வேளை உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தான். (எஸ்.டி.டி. காலம் போய்விட்டது என்பது தெரியும். பழக்க தோஷம்.) கீசர் சுவிட்சை அப்போதே அணைக்கச் சொன்னேன். மறுநாள் எலக்ட்ரீஷியன் வந்து பார்த்ததில், கீசரின் காயிலில் கசிவு. பிளக்கில் மூன்றாவது பின் இருந்ததே தவிர, சுவரில் அதற்கு எர்த் வயரே கொடுக்கவில்லை. கட்டின மேஸ்திரி மிச்சம் பிடித்த செலவு.

இந்த 'லேசா ஜிவ்வு' இருக்கிறதே, இதைப் பற்றித்தான் எனக்குக் கோபமே. நம் வீடுகளில் இது ஒரு குடும்ப அங்கத்தினர் மாதிரி. "ஃபிரிட்ஜ் கொஞ்சம் அடிக்கும், செருப்புப் போட்டுக்கிட்டுத் திற." "கிரைண்டரை ஆஃப் பண்ணிட்டு மாவை வழி, இல்லேன்னா பிடிச்சு இழுக்கும்." புது மருமகளுக்கு வீட்டைச் சுற்றிக் காட்டும்போதே இந்த விவரங்களும் சொல்லப்படுகின்றன. சாமி ரூம் இது, ஸ்டோர் ரூம் இது, ஷாக் அடிக்கிற ஸ்விட்ச் இது.

'லேசாக' அடிக்கிறது என்றால் லேசான மின்சாரம் என்று நினைக்கிறோம். அங்கேதான் தப்பு. கசிவு முற்றிவிட்டால் குழாய்க்குப் பின்னால் முழு 230 வோல்ட் நிற்கலாம்; மின்வாரியத்தின் குடோன் மொத்தமும் அதன் முதுகுக்குப் பின்னால். இதில் கிண்ணம் காலியாகிற பேச்சே கிடையாது. கை வைத்திருக்கிற வரைக்கும் சப்ளை வந்துகொண்டே இருக்கும். இன்றைக்கு லேசாக இருப்பதற்குக் காரணம் மின்சாரத்தின் கருணை இல்லை. கை காய்ந்திருக்கிறது, காலில் செருப்பு இருக்கிறது, உடம்பின் தடை அதிகமாக இருக்கிறது, அவ்வளவுதான். நன்றாக நனைந்த உடம்பின் தடை சுமார் 1,000 ஓம். 230-ஐ ஆயிரத்தால் வகுங்கள். 230 மில்லி ஆம்பியர்.

அது எவ்வளவு என்று தெரிய வேண்டாமா? ஒரு மில்லி ஆம்பியர் வந்தால் 'ஏதோ ஊர்கிறது' என்று தெரியும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் சார்லஸ் டால்ஸீல் என்கிற பேராசிரியர், தாமாக முன்வந்தவர்களின் கையில் கம்பியைக் கொடுத்து, எவ்வளவு மின்சாரம் வரை அவர்களால் பிடியை விட முடிகிறது என்று அளந்து பார்த்தார். (அந்தக் காலத்து மாணவர்கள் எதற்கெல்லாம் கை தூக்கியிருக்கிறார்கள் பாருங்கள்.) ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லி ஆம்பியர். பெண்களுக்கு 10.5. அதற்கு மேல் போனால் கைத்தசை இறுகிக்கொள்ளும். விட நினைத்தாலும் விடாது. 'கரண்ட் பிடிச்சு இழுத்துது' என்று சொல்கிறோமே, அது இதுதான். இழுப்பது கரண்ட் இல்லை, நம் கையே நம்மைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. நூறு மில்லி ஆம்பியர் பக்கம் போய்ச் சில வினாடி நீடித்தால் இதயத்தின் தாளம் கெட்டுவிடும். 230 எங்கே நிற்கிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்த ரூட் விஷயம். ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்றுகொண்டு குழாயையோ ஃபிரிட்ஜையோ தொட்டால், மின்சாரம் கையில் ஏறிக் காலில் இறங்கும். நடுவில் இருக்கிற ஸ்டாப்பிங்தான் கருப்பை. குழந்தையைச் சுற்றியிருப்பது உப்புக் கலந்த பனிக்குட நீர். மின்சாரத்துக்கு அது தார்ச்சாலை மாதிரி. குழந்தையின் தோலோ மெல்லிசு, தடை போடத் தெரியாத தோல். அதனால்தான் அம்மாவுக்கு லேசாக அடித்து ஒன்றும் ஆகாத மாதிரி இருந்தாலும் டாக்டர்கள் குழந்தையின் துடிப்பைத் தேடிப் பார்க்கிறார்கள்.

எந்த அளவுக்குப் பயப்பட வேண்டும்? இதில் ஒரு வேடிக்கையான கணக்கு இருக்கிறது. 1993-ல் ஒரு மருத்துவ இதழ், கர்ப்ப காலத்தில் ஷாக் அடித்ததாக அதுவரை பதிவாகியிருந்த 15 பேரின் விவரங்களைத் தொகுத்து வெளியிட்டது. அதில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு குழந்தைகள் பிழைக்கவில்லை. படித்தால் கை நடுங்கும். நான்கு வருடம் கழித்து, 1997-ல், கனடாவின் டொரண்டோவில் வேறு மாதிரி செய்தார்கள். ஷாக் அடித்துவிட்டது என்று ஆலோசனை கேட்டு வந்த 31 கர்ப்பிணிகளை, முடிவு என்ன ஆகும் என்று தெரிவதற்கு முன்பே பட்டியல் போட்டு, பிரசவம் வரை தொடர்ந்து கவனித்தார்கள். 28 பேருக்கு நல்லபடியாகக் குழந்தை பிறந்தது. ஒரு குழந்தைக்கு இதயத்தில் சின்னத் துவாரம். அதுவும் சிறு வயதிலேயே மூடிக்கொண்டது. இரண்டு கர்ப்பம் கலைந்தது. அதில் ஒன்றுக்கு மட்டும் ஷாக் காரணமாக இருந்திருக்கலாம் என்றார்கள்.

ஏன் இந்த வித்தியாசம்? வங்கியில் வேலை பார்க்கிறவர்களுக்குச் சட்டென்று புரியும். வராக்கடன் ஃபைலை மட்டும் எடுத்துப் படித்தால், இந்த நாட்டில் கடன் வாங்கினவன் எவனுமே திருப்பிக் கட்டவில்லை என்று தோன்றும். ஒழுங்காகத் தவணை கட்டுகிறவனைப் பற்றி யார் ஃபைல் போடுகிறார்கள்? அதே மாதிரி, ஷாக் அடித்து ஒன்றும் ஆகாமல் வீட்டுக்குப் போன பெண்ணைப் பற்றி எந்த டாக்டரும் கட்டுரை எழுதுவதில்லை. மோசமாக முடிந்ததுதான் இதழுக்குப் போகும். 1993 தொகுப்பு அந்த வராக்கடன் ஃபைல். 1997-ல் செய்தது முழு லெட்ஜர்.

ஆனால் இதைப் படித்துவிட்டு 'அப்ப சரி' என்று காலை நீட்டிப் படுத்துவிடக் கூடாது. கனடாக்காரர்களின் வீட்டு மின்சாரம் 110 வோல்ட் சுமார். நம்முடையது 230. அந்த 31 பேரில் பெரும்பாலோர் வாங்கியது அந்தச் சின்ன ஷாக்தான். அவர்கள் லெட்ஜரை நம் கிளைக்கு அப்படியே கேரி ஃபார்வர்டு செய்ய முடியாது.

அதனால், வீட்டு மின்சாரம் கர்ப்பிணியைத் தொட்டுவிட்டால் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். பிடித்துக்கொண்டிருக்கும் நிலையில் அவரை நீங்கள் தொடாதீர்கள். பாசத்தில் பாய்ந்து போய்க் கட்டிப்பிடித்து இரண்டு பேருமாகப் போன வீடுகள் உண்டு. முதலில் மெயின். இன்வெர்ட்டர் இருக்கிற வீடென்றால் அதையும் அணைக்க வேண்டும்; மெயின் போனால் அது சமர்த்தாகத் தானே சப்ளை கொடுக்க ஆரம்பித்துவிடும். மெயின் எட்டாத தூரம் என்றால் காய்ந்த கட்டையாலோ பிளாஸ்டிக் நாற்காலியாலோ விலக்குங்கள். மயக்கம், மூச்சில் சிரமம், விழுந்துவிட்டார் என்றால் 108. மூச்சே இல்லையென்றால் ஆம்புலன்ஸ் வரும்வரை நெஞ்சை அழுத்துகிற சி.பி.ஆர்.; கர்ப்பம் என்பதற்காக அதைத் தள்ளிப்போடக் கூடாது.

'சட்டுனு கையை எடுத்துட்டேன், இப்ப ஒண்ணுமில்லை' என்று அவர் சிரித்தாலும், அன்றைக்கே டாக்டரிடம் போய்விடுங்கள். எங்கே தொட்டார், எது வழியாக இறங்கியது, கால் ஈரமா, எத்தனாவது மாதம் என்பதைச் சொல்லுங்கள். டாப்ளர் வைத்துக் குழந்தையின் துடிப்பைக் கேட்பார்கள். ஐந்து மாதத்துக்கு மேல் என்றால் வயிற்றில் பெல்ட் கட்டிக் கொஞ்ச நேரம் கவனிக்கவும் செய்யலாம். வீடு திரும்பிய பிறகு வயிற்று வலி, இறுக்கம், ரத்தப்போக்கு, பனிக்குட நீர் கசிவு, குழந்தையின் அசைவு குறைவது இதில் எது வந்தாலும் மறுநாள் அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்க வேண்டாம். "ஆபீஸ்ல மார்ச் மாசக் கணக்கு முடிக்கணும், நீ அம்மாவோட போயிட்டு வா" என்கிற வசனம் இங்கே எடுபடாது.

வந்த பிறகு ஓடுவதைவிட வராமல் பார்த்துக்கொள்வது மலிவு. இதில் ஆண்பிள்ளைகளான நமக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை இருக்கிறது. ஃபிரிட்ஜ், கிரைண்டர், வாஷிங் மெஷின், கீசர், அயர்ன் பாக்ஸ் எல்லாம் மூணு பின் பிளக்கில் இருக்கிறதா? ரெண்டு ஓட்டை சாக்கெட்டில் நுழையவில்லை என்று யாராவது புண்ணியவான் மூன்றாவது பின்னை உடைத்துப்போட்டிருக்கிறானா? உடைத்தது போன வருஷத்து நீங்களேயாக இருக்கலாம். வாளியில் போடுகிற ஹீட்டர் ராடு இருந்தால், குழந்தை பிறக்கும் வரையாவது அதைப் பரணில் போட்டுவிடுங்கள். பிறந்த பிறகு இறக்க மனசு வராது. மாடியில் துணி உலர்த்தும் கொடி இரும்புக் கம்பியாக இருந்து, அது சர்வீஸ் ஒயர் பக்கம் போனால், இன்றைக்கே அறுத்துவிட்டு நைலான் கயிறு கட்டுங்கள். மழைக்காலத்தில் ஈரத்துணி போடப் போய் உயிரை விட்ட செய்தி வராத வருஷம் எது?

வளைகாப்புக்குக் கட்டுகிற சீரியல் செட்டையும் சொல்ல வேண்டும். ஷாமியானாவின் இரும்புக் கம்பத்தில் ஒயரைச் சுற்றி, நடுவில் டேப் ஒட்டாத நாலு ஜாயின்ட் விட்டு, அதற்குக் கீழே ஏழாம் மாதப் பெண்ணை உட்கார வைத்து, பக்கத்திலேயே குடம் குடமாகத் தண்ணீர். ரேடியோ செட்காரரிடம் "கம்பத்துல சுத்தாதீங்கண்ணே" என்று சொல்லக் கூச்சப்படாதீர்கள். ஐந்து வகைச் சாதத்துக்கு உப்புச் சரியா என்று பார்க்கிற கூட்டத்தில் ஒருத்தராவது இதைப் பார்க்கலாம்.

வாடகை வீடென்றால் இன்னொரு ஆள் உண்டு: ஹவுஸ் ஓனர். "சார், கீசர்ல ஷாக் அடிக்குது" என்று போய் நின்றால் அவர் பதில் அநேகமாக இப்படித்தான் இருக்கும்: "பதினஞ்சு வருஷமா அடிக்குது தம்பி. இதுவரைக்கும் யாருக்கும் ஒண்ணும் ஆனதில்லை." பெருமை வேறு! அவரோடு தர்க்கம் செய்து பிரயோஜனமில்லை. எர்த் சரிபார்க்கிற எலக்ட்ரீஷியன் கூலியை நீங்களே கொடுத்துவிட்டு அட்வான்ஸில் கழித்துக்கொள்ளப் பாருங்கள். கழிக்காவிட்டாலும் பரவாயில்லை. ஆனால் அந்த எலக்ட்ரீஷியன், எர்த் இல்லை என்றதும் நியூட்ரலோடு எர்த்தைச் சேர்த்து முறுக்கிவிட்டு "முடிஞ்சுது சார்" என்று கிளம்பினால், விடாதீர்கள். அது ரிப்பேர் இல்லை. புலிக்குச் சாவி கொடுத்த மாதிரி.

கூடவே ஒரு ஆர்.சி.சி.பி. போடச் சொல்லுங்கள். பழைய ஆட்கள் ஈ.எல்.சி.பி. என்பார்கள். "அதான் எம்.சி.பி. இருக்கே?" என்று கேட்பீர்கள். கீசர் லைனில் இருக்கிற எம்.சி.பி. சாதாரணமாக 16 ஆம்பியர். அதாவது 16,000 மில்லி ஆம்பியர். ஆளை முடிக்க நூறு போதும் என்று பார்த்தோம். அந்த நூறு போய்க்கொண்டிருக்கும்போது எம்.சி.பி. நிம்மதியாகத் தூங்கும். அதன் வேலை ஒயரைக் காப்பது, உங்களை இல்லை. ஆர்.சி.சி.பி. போகிற கரண்டையும் திரும்பி வருகிற கரண்டையும் டேலி பண்ணிக்கொண்டே இருக்கும். கணக்கில் 30 மில்லி ஆம்பியர் உதைத்தால் 0.3 வினாடிக்குள் மெயினை இழுத்துப் பூட்டிவிடும். கசிவு பெரிசானால் இன்னும் வேகமாக. நல்ல ஆடிட்டர். அமெரிக்காவில் இதன் தம்பி மாதிரி ஒன்றை 1961-ல் கண்டுபிடித்தவர், மாணவர்கள் கையில் கம்பி கொடுத்தாரே, அதே டால்ஸீல். லைனை ஒரு கையிலும் நியூட்ரலை ஒரு கையிலும் பிடித்தால் மட்டும் இந்த ஆடிட்டர் ஏமாந்துவிடுவார், டேலி ஆகிவிடுகிறதே! அதனால் போர்டைத் திறந்து விளையாட வேண்டாம்.

வாங்கும்போது மேலே 30 எம்.ஏ. என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். 100, 300 என்றும் கடையில் கிடைக்கும். அதெல்லாம் தீ விபத்தைத் தடுக்க, ஆளைக் காக்க இல்லை. முகப்பில் 'டி' என்று ஒரு சின்னப் பட்டன் இருக்கும். மாதம் ஒரு தடவை அதை அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்தினால் வீடு மொத்தமும் இருட்டாக வேண்டும். ஆகவில்லையென்றால் அது சுவரில் மாட்டிய பொம்மை, மாற்றிவிடுங்கள். அழுத்துவதற்கு முன் ஹாலில் மாமியார் சீரியல் பார்த்துக்கொண்டிருக்கிறாரா என்று எட்டிப் பாருங்கள். விளம்பரம் வரும்வரை பொறுப்பது நல்லது.